ஒப்பிடக் கற்பிக்கும் நாம்

எட்டாம் வகுப்பில் ஆங்கில இலக்கணத்தின் ஒப்பீட்டுப் படிகளை, அதாவது ‘டிகிரீஸ் ஆஃப் கம்பாரிசன்’ பாடத்தை, நடத்தி முடித்த அன்று ஐந்து வாக்கியங்கள் எழுதி வரும்படி வீட்டுப் பாடம் கொடுத்தோம். மறுநாள் திருத்திய நோட்டுகளுள் ஒன்றில் ஐந்து வாக்கியங்களும் ஒரே விஷயத்தைப் பற்றியவை. அக்காள் தன்னைவிட உயரம். தன்னைவிடக் கெட்டிக்காரி. தன்னைவிட அழகு. தான் அக்காளைவிடக் கறுப்பு. வீட்டில் எல்லாரிலும் தானே மக்கு. நான்காவது வாக்கியத்தில் ‘டார்க்கர்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘மோர் டார்க்’ என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் அதை அடித்துத் திருத்தி, ஐந்துக்கு நான்கு என்று மதிப்பெண் போட்டு நோட்டை மூடிவிட்டோம். மாலையில் லஸ் முனையில் பேருந்துக்குக் காத்து நின்றபோதுதான், எதைத் திருத்தினோம், எதைத் திருத்தாமல் விட்டோம் என்பது உறைத்தது.

அந்தக் குழந்தையின் மீது குற்றமில்லை. கரும்பலகையில் நாம் எழுதிப் போட்ட உதாரணங்களும் அந்த ஜாதியைச் சேர்ந்தவையே. இவள் அவளைவிட அழகு, வகுப்பில் வேறு எந்தப் பெண்ணும் இவளைப்போல் கெட்டிக்காரி அல்ல என்று ஒரே செய்தியை மூன்று படிகளிலும் மாற்றி மாற்றி எழுதச் சொல்கிறோம். நம்மில் பலர் படித்துத் தேறிய ரென், மார்ட்டின் இலக்கணம் இந்தப் பாடத்தை மாம்பழங்களை வைத்துத்தான் தொடங்குகிறது. நாம் மாம்பழத்தை விட்டுவிட்டுப் பெண்களைப் பிடித்துக்கொண்டோம்.

இந்தப் பாடம் நம் மாணவியருக்குக் கடினமாக இருப்பதற்குக் காரணம் கவனக்குறைவு மட்டுமல்ல. ஆங்கிலத்தில் ‘டால்’ என்ற சொல்லே ‘டாலர்’, ‘டாலஸ்ட்’ என்று உரு மாறுகிறது. தமிழில் உயரம் என்றும் உயரமே. வேலை முழுவதையும் பக்கத்திலுள்ள பெயர்ச்சொல் சுமக்கிறது: அவளைவிட, அவளைக் காட்டிலும், அவளைப் பார்க்கிலும். விடுவதும் காட்டுவதும் பார்ப்பதுமாக மூன்று வினைகளை வைத்தே நாம் ஒப்பிட்டு வந்திருக்கிறோம். ஆகவே ஒரு குழந்தை ‘ஷீ இஸ் டால் தேன் மீ’ என்று எழுதினால், அவள் தமிழில் சரியாக நினைத்திருக்கிறாள் என்று பொருள். (இந்த ஆங்கிலத் ‘தேன்’ தமிழ் எழுத்தில்தான் இனிக்கிறது.) இதை முதலில் சொல்லிக்கொடுத்தால் பாதிப் பிழைகள் தாமே மறையும் என்பது நம் அனுபவம்.

நன்னூலில் ஐந்தாம் வேற்றுமைக்குரிய பொருள்களாக நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்னும் நான்கும் சொல்லப்பட்டிருப்பதை உயர் வகுப்பு மாணவியர் அறிவர். பழந்தமிழில் அந்த ‘இன்’ உருபு ஒன்றே ‘அதைப்போல’ என்றும் பொருள்படும், ‘அதைவிட’ என்றும் பொருள்படும். தொல்காப்பிய உரைகாரர்கள் இவற்றை உவமப்பொரு, உறழ்பொரு என்று பிரித்துக் காட்டினார்கள். ஒப்பிடும்போது சமம் என்கிறோமா, மிகுதி என்கிறோமா என்று கேட்டுத் தெளிய வேண்டும் என்பது நமக்கு ஆங்கிலேயர் வந்து சொன்ன செய்தியல்ல.

இன்னொரு வேடிக்கை. ‘சீனியர்’, ‘ஜூனியர்’, ‘சுப்பீரியர்’ ஆகியவை லத்தீன் மொழியில் ஏற்கெனவே ஒப்பீட்டுப் படியில் இருந்த சொற்கள். அதனால்தான் அவற்றுக்குப் பின் ‘தேன்’ வராது, ‘டு’ வரும். ‘மதர் சுப்பீரியர்’ என்று நாம் தினமும் சொல்லும்போது ஓர் ஒப்பீட்டுப் படியைச் சொல்கிறோம் என்றதும் வகுப்பே சிரித்தது.

உதாரணங்களுக்கு நம் ஊரிலா பஞ்சம்? 1516-ல் எழுந்ததாகச் சொல்லப்படும் லஸ் மாதா கோயில், 1896-ல் கட்டி முடிந்த இன்றைய சாந்தோம் பேராலயக் கட்டிடத்தைவிடப் பழமையானது. ‘கட்டிடம்’ என்ற சொல்லை விட்டுவிட்டால் உடனே ஒரு மாணவி எழுந்து, தோமையார் கல்லறை அதைவிடப் பழையதாயிற்றே என்பாள். கேட்கட்டும். எதை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதே பாடம். மூன்றாம் படியிலோ இன்னும் எச்சரிக்கை வேண்டும். மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டிடம் 1959-ல் திறக்கப்பட்டபோது இந்தியாவிலேயே மிக உயரமானது. சில ஆண்டுகளுக்குள் அந்தப் பட்டம் பம்பாய்க்குப் போய்விட்டது. மெரினா உலகிலேயே இரண்டாவது நீளமான கடற்கரை என்று நம் கட்டுரை நோட்டுகள் தலைமுறை தலைமுறையாகச் சாதிக்கின்றன. அதன் நீளம் ஏறத்தாழ 6 கிலோமீட்டர். வங்காளதேசத்துக் காக்ஸ் பஜார் கடற்கரை 100 கிலோமீட்டருக்கும் மேல். கட்டிடத்துக்கும் கடற்கரைக்கும் இத்தனை விசாரணை தேவைப்படும்போது, ‘எல்லாரிலும் மக்கு’ என்று ஒரு குழந்தை எழுதுவதை அளவும் கேளாமல் சாட்சியும் கேளாமல் சரி போட்டுவிட்டோம்.

நமக்கு ஒரு குறை உண்டு. ஒப்பீட்டுப் படிகளுக்கு இரண்டு வாரம் கொடுக்கிறோம். வேறுபாட்டைச் சொல்லும் ‘வைல்’, ‘வேர்-ஆஸ்’ போன்ற இணைப்புச் சொற்களை அரை மணியில் ஓட்டிவிடுகிறோம். தமிழில் அதற்கு ஓர் எழுத்தே போதும். அக்காள் பாடுவாள், தங்கையோ படம் வரைவாள். இந்த ‘ஓ’ யாரையும் மேலே ஏற்றுவதில்லை, கீழே இறக்குவதில்லை. இருவரையும் அவரவர் இடத்தில் நிறுத்துகிறது. தேர்வில் படிகளை மாற்றி எழுதும் கேள்வி வரும். அதை விலக்கச் சொல்லவில்லை. நேரத்தையும் உதாரணங்களையும் மாற்றிப் பங்கிடலாம் என்கிறோம்.

பெற்றோருள் சிலர் மறுப்பார்கள். ஒப்பிட்டுச் சொன்னால்தானே பெண்ணுக்கு ரோஷம் வரும் என்று, முன்னேற்ற அறிக்கையில் கையெழுத்திட வந்த ஒரு தந்தை நம்மிடமே கேட்டார். அவர் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. சென்ற தேர்வைவிட இந்தத் தேர்வில் பத்து மதிப்பெண் கூட என்பதும் ‘விட’ சேர்ந்த வாக்கியமே. அதை வீட்டில் எத்தனை முறை சொன்னீர்கள் என்று கேட்டோம். பதிலுக்கு அவர், அடுத்த வீட்டுப் பெண் எத்தனை வாங்கினாள் என்று விசாரித்தார்.

அந்த நோட்டை மறுநாளே திரும்ப வாங்கினோம். அதே அக்காளைப் பற்றி, அதே ஐந்து வாக்கியங்கள், ஆனால் ‘வேர்-ஆஸ்’ வைத்து எழுதி வா என்றோம். நான்கு எழுதி வந்தாள். கடைசி வாக்கியம்: அக்காளுக்குச் சைக்கிள் விடத் தெரியாது, எனக்கோ தெரியும். ‘வேர்-ஆஸ்’ என்பதில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. பென்சிலால் அதைச் சேர்த்தோம்.