புகார் கொடுத்த மறுநாள்



பள்ளிகள் திறந்துவிட்டன. புத்தகங்களுக்கு அட்டை போட்டு, ஷூ வாங்கி, வேன் கட்டணம் கட்டி ஓய்ந்திருப்பீர்கள். இந்த நேரத்தில்தான் மனசைக் கனக்கவைக்கும் ஒரு விஷயத்தைப் பேச வேண்டியிருக்கிறது: சக மாணவர்களிடம் வதைபடும் பிள்ளைகள்.

கேலியும் பட்டப்பெயரும் எல்லா வகுப்பிலும் உண்டு. நான் சொல்வது அதை அல்ல. பலம் கூடிய சிலர் சேர்ந்துகொண்டு ஒரே பிள்ளையை நாள் தவறாமல் குறிவைப்பது. டிபன் பாக்ஸில் மண்ணைப் போடுவது, காசைப் பிடுங்குவது, சாதியைச் சொல்லி வேலை ஏவுவது, அடித்துவிட்டு அதைப் போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவது.

பெரும்பாலான பிள்ளைகள் வாயைத் திறக்க மாட்டார்கள். ஞாயிறு சாயங்காலம் ஆனால் வயிற்றுவலி வரும். பள்ளி விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் கழிப்பறைக்கு ஓடுகிற பையனைக் கவனியுங்கள். காலையில் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் அப்படியே திரும்பி வந்திருக்கும். பள்ளிக் கழிப்பறை சுத்தமாக இல்லாதது காரணமாக இருக்கலாம். இடைவேளையில் அங்கே யாரோ அவனுக்காகக் காத்திருப்பதும் காரணமாக இருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

அவன் சொல்ல ஆரம்பித்ததும், “நீ என்ன பண்ணினே?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். “திருப்பி ரெண்டு குடுத்துட்டு வா” என்பதும் வேண்டாம். திருப்பிக் கொடுக்க முடிந்திருந்தால் அவன் உங்களிடம் வந்திருக்கவே மாட்டான். கடைசிவரை கேட்டுவிட்டு, “சொன்னது நல்லதுப்பா. என்ன செய்யறதா இருந்தாலும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்” என்று சொல்லுங்கள். நாம் ஆத்திரத்தில் ஏதாவது செய்து, அது தன் தலையில் வந்து விடியும் என்பதுதான் பிள்ளைகளின் பெரிய பயம். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை நாம் மறந்திருக்க முடியாது. சாதியின் பெயரால் தன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்று ஒரு பிளஸ் டூ மாணவர் பள்ளியில் முறையிட்டார். அதற்குப் பிறகு இரவில் வீடு புகுந்து அவரை அரிவாளால் வெட்டியவர்கள் அதே பள்ளி மாணவர்கள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அந்த மாணவர் மீண்டு வந்து 600-க்கு 469 மதிப்பெண் வாங்கினார் என்பதில் நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால், முறையிட்ட பிள்ளைக்கு யார் காவல் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. இந்தச் சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. 500 பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் இதுபோன்ற துன்புறுத்தல்களைக் கவனிக்கவென்றே ஒரு நல அலுவலர் வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று.

புகார் கொடுத்துவிட்டால் பிரச்சினை முடிந்தது என்று நினைக்கிறோம். உண்மையில் பிள்ளைக்கு மிகவும் ஆபத்தான நாட்கள் அதற்குப் பிறகுதான் தொடங்குகின்றன. ஆகவே பிரின்சிபால் அறையில், “கண்டிக்கிறோம்” என்ற பதிலோடு எழுந்து வந்துவிடாதீர்கள். இடைவேளையில் கழிப்பறைப் பக்கம் எந்த ஆசிரியர் நிற்பார்? வேனில் யார் பார்த்துக்கொள்வார்? மறுபடி ஏதாவது நடந்தால் பிள்ளை யாரிடம் ஓட வேண்டும்? எந்தத் தேதியில் உங்களைக் கூப்பிட்டுப் பேசுவார்கள்? இத்தனைக்கும் பதில் வாங்குங்கள். இரண்டு தரப்பையும் எதிரெதிரே நிறுத்திக் கைகுலுக்க வைக்கும் சமாதானத்துக்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பயந்த பிள்ளைக்கு அது இன்னொரு தண்டனை.

எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். தேதி, இடம், நடந்தது, பார்த்தவர்கள் என்று எழுதி, நகலில் முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். போனில் வந்ததை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். காயம் இருந்தால் அரசு மருத்துவமனைக்குப் போய் ஏ.ஆர். எனும் விபத்துப் பதிவேட்டில் பதிவு செய்யுங்கள். காவல் நிலையத்தில், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். பாலியல் சீண்டலையும் சாதி வன்கொடுமையையும் பள்ளிக்குள்ளேயே பேசி முடிக்க யாருக்கும் உரிமை கிடையாது. பள்ளி அசையவில்லை என்றால் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரிடம் போங்கள். கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 இரண்டையும் பிள்ளைக்கே மனப்பாடம் செய்து கொடுங்கள்.

“பேசாம டி.சி. வாங்கிக்கோங்களேன்” என்று சில பள்ளிகள் சொல்லும். உயிருக்கு ஆபத்து என்றால் தயங்காமல் மாற்றுங்கள். ஆனால் அடித்தவன் அங்கேயே இருக்க, அடிபட்டவன் வெளியேறுவதை எந்தப் பள்ளியும் தீர்வு என்று சொல்லக் கூடாது.

இன்னொரு வீட்டுக்கும் ஒரு வார்த்தை. ஒருநாள் பள்ளியிலிருந்து கூப்பிட்டு, “உங்க பையன்தான் அடிச்சிருக்கான்” என்று சொன்னால், “எம்புள்ள அப்படிச் செய்ய மாட்டான்” என்று அந்த நிமிடமே மறுத்துவிடாதீர்கள். அடிபட்ட பிள்ளையின் அம்மா எழுதிக் கொடுத்ததை முதலில் முழுக்கப் படியுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்