மீடியனும் ஒரு மொட்டை ஃபார்முலாவும்

புள்ளியியல் பாடம் என்றால் நம்ம ஆட்களுக்கு ஒரே சந்தோஷம். ஃபார்முலா தெரிந்தால் போதும், மார்க் நிச்சயம். அதிலும் இடைநிலை அளவு, அதாங்க மீடியன், அல்வா மாதிரி. ஆனால் போட்ட விடைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் முழிப்பார்கள். குற்றம் பசங்க மேல் இல்லை, சொல்லித் தருகிற வரிசை மேல்தான் என்பது என் கட்சி.

சின்ன கணக்கு ஒன்று. 40 வீடுகளில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறோம். 2 பேர் உள்ள வீடு 3, 3 பேர் உள்ளது 9, 4 பேர் உள்ளது 15, 5 பேர் உள்ளது 8, 6 பேர் உள்ளது 4, 7 பேர் உள்ளது 1. மீடியன் என்ன?

சிலர் 2 முதல் 7 வரை உள்ள எண்களுக்கு நடுவைப் பிடித்து 4.5 என்பார்கள். இன்னும் சிலர் நிகழ்வெண்களையே வரிசைப்படுத்தி, 4க்கும் 8க்கும் நடுவே 6 என்பார்கள். 6 பேரோ அதற்கு மேலோ இருக்கிற வீடே மொத்தம் 5தான், அது எப்படி நடு ஆகும்? 40 வீட்டையும் ரேஷன் கடை க்யூ மாதிரி சின்னதிலிருந்து பெரிதாக நிற்க வையுங்கள். நடுவில் நிற்பது 20வது, 21வது வீடுகள். முதல் 3 வீடு 2 பேர், 12வது வீடு வரை 3 பேர், 27வது வரை 4 பேர். ஆக விடை 4. குவிவு நிகழ்வெண் என்று பயமுறுத்துகிறார்களே, அது இந்த க்யூவில் ஆள் எண்ணுவதுதான்! இதை யாரும் முதலில் சொல்வதில்லை.

அடுத்து பிரிவு இடைவெளி உள்ள அட்டவணை. 100 பேரின் மார்க்: 0-20ல் 6, 20-40ல் 22, 40-60ல் 40, 60-80ல் 24, 80-100ல் 8. பாதி 50. முதல் இரண்டு பிரிவில் 28 பேர் போய்விட்டார்கள், இன்னும் 22 பேர் வேண்டும். அடுத்த பிரிவில் 40 பேர் 20 மார்க் தூரத்தில் நிற்கிறார்கள். 22ஐ 40ஆல் வகுத்து 20ஆல் பெருக்கினால் 11. அதை 40உடன் கூட்டினால் 51. ஃபார்முலா செய்வது இவ்வளவுதான். (அங்கே 20, 21வது என்று பார்த்துவிட்டு இங்கே ஏன் வெறும் 50 என்கிறீர்களா? அங்கே ஆளைத் தேடினோம், இங்கே ஒரு கோட்டைப் பாதியாக வெட்டுகிறோம்.)

இதில் யாரும் வாய் திறக்காத ஒரு விஷயம் இருக்கிறது. அந்த 40 பேரும் 40க்கும் 60க்கும் நடுவே சம இடைவெளியில் நிற்கிறார்கள் என்று நாமாகவே வைத்துக்கொண்டோம். அட்டவணை அப்படிச் சொல்லவே இல்லை. அது சொல்வது, மீடியன் 40க்கும் 60க்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்பது மட்டும்தான். அப்புறம் எதற்கு இரண்டு தசம இடம் வரை திருத்தமாக விடை கேட்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை!

நிஜத்தில் ஆட்கள் அப்படி நிற்பதும் இல்லை. நம் நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வயது கேட்டால், 'முப்பது இருக்கும்', 'முப்பத்தஞ்சு போடுங்க' என்று சொல்பவர்கள் நிறைய. 0, 5ல் முடிகிற வயதுகளில் கூட்டம் குவிவது புள்ளியியல்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த பழைய தலைவலி. அட்டவணையோ 30-34, 35-39 என்று ஐந்தைந்தாகப் போகிறது. 30-34ல் பாதிக் கூட்டம் 30லேயே நின்றால் ஃபார்முலா தரும் வயது கொஞ்சம் தள்ளித்தான் விழும்.

மீடியனுக்கு ஒரு சபாஷும் சொல்ல வேண்டும். 2011 கணக்கெடுப்பின் வயது அட்டவணையில் கடைசிப் பிரிவு '80க்கு மேல்'. அதற்கு மேல்முனை கிடையாது. சராசரி போட உட்கார்ந்தால் அந்தப் பிரிவுக்கு நடு வயது எது என்று நாமே ஒன்றை ஊகிக்க வேண்டியதுதான். மீடியனுக்கோ அவர்கள் 81 ஆனாலும் 101 ஆனாலும் கவலையே இல்லை, க்யூவின் கடைசியில் நிற்கிறார்கள் என்று தெரிந்தால் போதும். இந்த ஒரு காரணத்தை பரீட்சையில் கேட்டிருக்கலாம். கேட்க மாட்டார்கள்... அதற்கு ஃபார்முலா இல்லையே!