எலிக்கு மட்டும்தான் உயிரா?

போன வாரம் ஆக்லாந்துல படகு புடிச்சு டிரிடிரி மாடாங்கி தீவுக்குப் போனேன் மக்களே. ஏறும்போதே பைக்குள்ள எலி, எறும்பு, விதை இருக்கான்னு பார்க்கச் சொல்றாங்க. கூட வந்த நண்பருக்குக் கடுப்பு. "1993ல விஷம் போட்டு எலியெல்லாம் கொன்னுட்டு இப்ப என்ன பறவைப் பாசம்?"

ஜீவகாருண்யமாம்! ஊர்ல வீட்டு சமையக்கட்டுல எலிப்பொறி வச்சவர்தான்.

அண்ணே, நியூசிலாந்துல வௌவாலை விட்டா பூர்வீகமா நிலத்துல வாழுற பாலூட்டியே கிடையாது. எலி, பூனை, ஸ்டோட் எல்லாம் மனுஷன் கொண்டாந்து விட்டது. பறக்கத் தெரியாத பறவை தரையில முட்டை வச்சா மிஞ்சுமா? டாகாஹே அழிஞ்சே போச்சுன்னு நினைச்சு, 1948லதான் திரும்பக் கண்டுபிடிச்சாங்க. அந்த எலியை முன்னோர் கொண்டுவந்த சொத்தா நினைக்கிற சில மாவோரி மக்கள் வருத்தப்பட்டா, அதுல நியாயம் இருக்கு. உமக்கென்ன வந்துச்சு?

நூறு வருஷத்துக்கு மேல ஆடுமாடு மேய்ஞ்சு மொட்டையான தீவு அது. 1984லேர்ந்து பத்து வருஷம் சாதாரண ஜனங்க வந்து இரண்டரை லட்சத்துக்கும் மேல மரம் நட்டிருக்காங்க. சும்மா விட்டா இயற்கை தானா சரியாகிடும்னு உட்கார்ந்திருந்தா இன்னைக்கு அங்க புல்லும் எலியும்தான்.

திரும்புற படகுல அண்ணன் கேமராவைக் காட்டினார். நாப்பது போட்டோ. அத்தனையும் டாகாஹே :-)