டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகிட்ட மனுசனைப் பத்திக் கேக்கணுமா?

இந்த வாரம் ஏரி மதகு ரிப்பேரைப் பத்தி எழுதுறதா சொல்லியிருந்தேன். அது நிக்கட்டும். வேற ஒரு விஷயம் பத்து நாளா மண்டையில ஓடிக்கிட்டே இருக்கு, அதை எழுதிட்டுப் போயிடறேன்.

என் தங்கச்சி பேத்தி அமெரிக்காவுல காலேஜ் படிக்கிறா. லீவுக்கு வந்தவ எங்க வீட்டுத் திண்ணையில உக்காந்து சின்னச் சின்ன அட்டைய வெச்சுக்கிட்டு முணுமுணுன்னு மனப்பாடம் பண்ணிட்டிருந்தா. என்னம்மா இதுன்னு கேட்டேன். டாக்டர் படிப்புக்கு நுழைவுத் தேர்வு தாத்தா, எம்கேட்டுன்னு பேருன்னா. எல்லா ஊர்லயும் இதே கதைதானான்னு நினைச்சுக்கிட்டேன். அப்புறம் அட்டைய வாங்கிப் பார்த்தா அதுல தவளையும் இல்ல, அமிலமும் இல்ல. ஊர்ல ஒருத்தரை ஏன் ஒதுக்குறாங்க, கூட்டமா நின்னா ஏன் யாரும் உதவிக்குப் போறதில்ல, ஏழை வீட்டுல ஏன் வியாதி சீக்கிரம் வருது, இந்த மாதிரி சமாச்சாரம்.

அங்க 2015ல இருந்து இது சட்டமாம். பரீட்சை நாலு பகுதி. அதுல ஒரு பகுதி முழுக்க மனசும் சமூகமும்தான். 59 கேள்வி, 95 நிமிஷம். நூத்துக்கு அறுபத்தஞ்சு உளவியல், முப்பது சமூகவியல், மிச்சம் உயிரியல். இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் சேர்த்து என்ன மார்க்கோ அதே மார்க் இதுக்கும். நம்ம நீட்டுல 180 கேள்வி. இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. மனுசனைப் பத்தி தனியா ஒரு கேள்வி கிடையாது. கிட்னி இருக்கு, கல்லீரல் இருக்கு. அதைச் சுமந்துக்கிட்டு வர்ற ஆள் இல்ல.

அட்டைய ஒவ்வொண்ணா படிச்சுச் சொல்லச் சொன்னேன். "ஸ்டிக்மா"ன்னு ஒண்ணு. எர்விங் காஃப்மன்னு ஒருத்தர் 1963ல அதுக்குன்னே புத்தகம் எழுதியிருக்காராம். உடம்புல இருக்கிற ஒரு அடையாளத்தால, இல்லேன்னா ஒரு வியாதிப் பேரால, ஆளையே ஊர் தள்ளி வெக்கிறது. அட, இதுக்குப் பேர் எங்க ஊர்ல திருமணி இல்லையான்னு கேட்டேன்.

சென்னைக்காரங்களுக்குத் தெரியாம இருக்கலாம். செங்கல்பட்டுக்குப் பக்கத்துல திருமணியில தொழுநோய் ஆஸ்பத்திரி இருக்கு. 1924ல லேடி வில்லிங்டன் பேர்ல ஆரம்பிச்சது, 1955ல மத்திய அரசு எடுத்துக்கிட்டு ஆராய்ச்சி நிலையமா மாத்துச்சு. எத்தனையோ ஆயிரம் பேரைக் குணமாக்கின இடம். ஆனா நாங்க சின்னப் பிள்ளையா இருந்தப்போ "திருமணிக்கு அனுப்பிடுவாங்க"ன்னு சொன்னா அது வசவு. ஊர்ப் பேரே வியாதிப் பேரா ஆயிடுச்சு.

எங்க அத்தைக்கு முதுகுல வெளிறின தேமல் மாதிரி ஒண்ணு வந்துச்சு. கிள்ளினா உணர்ச்சி இல்ல. அது என்னன்னு அவங்களுக்குத் தெரியும். தெரிஞ்சதாலதான் மறைச்சாங்க. பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துட்டிருந்த நேரம். ரவிக்கைய ஏத்தித் தெச்சுக்கிட்டு ரெண்டு வருஷம் ஓட்டினாங்க. ஒரு நாள் அடுப்புல விரல் பட்டுத் தோல் கருகுது, அவங்களுக்குத் தெரியல, பக்கத்துல இருந்த நாங்கதான் கத்தினோம். அப்புறம்தான் வைத்தியம். கூட்டு மருந்து ஆறு மாசமோ ஒரு வருஷமோ சாப்பிட்டா தீர்ற வியாதி, மருந்தும் இலவசம். சாப்பிட ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே அடுத்தவங்களுக்குத் தொத்தாது. வியாதி தீர்ந்துச்சு, விரல் ரெண்டு மடங்கினது மடங்கினதுதான். கிருமி பண்ணினது பாதி, மறைச்ச ரெண்டு வருஷம் பண்ணினது பாதி. அந்தக் கிருமியோட பேரை நீட்டுல கேப்பாங்க. அந்த ரெண்டு வருஷத்தை எதுல கேப்பாங்க?

இன்னொரு அட்டையில டால்காட் பார்சன்ஸ்னு ஒருத்தர். நோயாளின்னா அவருக்கு வேலையில இருந்து விடுதலை உண்டு, அதுக்குப் பதிலா சீக்கிரம் குணமாகப் பார்க்கணும், டாக்டர் பேச்சைக் கேக்கணும், இதுதான் சமூகம் அவருக்குக் கொடுக்கிற வேஷம்னு 1951ல எழுதியிருக்கார். நல்லாத்தான் இருக்கு. நடவு நேரத்துல அந்த விடுதலைய எங்க வீட்டம்மாவுக்கு யார் கொடுக்கிறதுன்னு அவர் எழுதினாரான்னு கேட்டேன். பேத்தி சிரிச்சுட்டு, அதுக்கும் ஒரு அட்டை இருக்கு தாத்தான்னா.

இதெல்லாம் பேச்சு சுவாரசியத்துக்குச் சொல்லல. உயிர் போற விஷயம் இது. மூணு வருஷம் முன்னாடி எங்க ஊர் ஆள் ஒருத்தர், நாப்பது வயசு, மோட்டார் கொட்டாயில தரையில பாய் போட்டுப் படுத்திருக்கார். விடியக்காலம் வயித்து வலி, வாந்தி. பக்கத்துல ஒரு கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனோம். அங்க இருந்த டாக்டர் தம்பி சின்ன வயசு. கண்ணு சொக்குதே, ராத்திரி தண்ணி போட்டியான்னு கேட்டார். இல்லைன்னு சொன்னதை நம்பல. கேஸ்னு ஊசி போட்டு அனுப்பிட்டார். வீட்டுக்கு வர்றதுக்குள்ள பேச்சு குழறுது, இமை தூக்க முடியல. அவர் சம்சாரம்தான் கட்டுவிரியனா இருக்குமோன்னு முதல்ல சொன்னது. கட்டுவிரியன் கடிச்சா பல சமயம் பல்லு பட்ட இடம்கூடக் கண்ணுக்குத் தெரியாது, வீக்கமும் இருக்காது. ராத்திரி தூக்கத்துல கடிக்கும், காலையில வயித்து வலின்னு வரும். அடிச்சுப் பிடிச்சு செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போய், நாலு நாள் மூச்சு மெஷின்ல வெச்சு, பிழைச்சு வந்துட்டார்.

அந்த டாக்டர் தம்பிக்குப் பாம்பு விஷத்தைப் பத்தித் தெரியாம இருக்காது. படிச்சுத்தான் வந்திருப்பார். ராத்திரி எங்கய்யா படுத்திருந்தேன்னு ஒரே ஒரு கேள்வி கேக்கத் தெரியல. தரையில படுக்கிற சனம் இன்னும் இருக்குங்கிற நினைப்பே அவர் மனசுல இல்ல. இத்தனைக்கும் நீங்க ஈசிஆர்ல மாமல்லபுரம் வரும்போது தாண்டி வர்றீங்களே வடநெம்மேலி, முதலைப் பண்ணை இருக்கிற இடம், அங்கதான் 1978ல ஆரம்பிச்ச இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் இருக்கு. அங்க எடுக்கிற விஷத்தை வெச்சுத்தான் நாடு முழுக்கப் போற விஷமுறிவு மருந்து தயாராகுது. நம்ம மாவட்டத்து இருளர் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. மருந்துக்கு மூலம் இங்க, பாம்பும் இங்க, கடி வாங்கினவனும் இங்கதான். நடுவுல ஒரு கேள்வி மட்டும் இல்ல.

அப்போ நீட்டுலயும் ஒரு உளவியல், சமூகவியல் பகுதி சேர்த்துடலாமே? பேத்தியும் இதைத்தான் கேட்டா. பட்டணத்துல இருந்து படிக்கிற உங்கள்ல சில பேருக்கும் தோணும்.

வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன்.

முதல் காரணம் அந்த அட்டைதான். இவ்வளவு அருமையான விஷயத்தை அவ எப்படிப் படிக்கிறா? முன்பக்கம் வார்த்தை, பின்பக்கம் அர்த்தம். திருமணி பேரைக் கேட்டதும்தான் அவளுக்கே, ஓ நிஜமா நடக்கிறதான்னு உறைச்சுது. அங்கயே அப்படின்னா இங்க எப்படி இருக்கும்? சேர்த்த மறு மாசம் கோச்சிங் சென்டர்ல "சமூகவியல் கிராஷ் கோர்ஸ்"னு போர்டு தொங்கும். இருக்கிற ஃபீஸுக்கு மேல இருபதாயிரம். வறுமைன்னா என்னன்னு நாலு விடையில சரியானதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிக் கொடுக்க, வறுமையில இருக்கிறவன்கிட்டயே காசு வாங்குவாங்க. எங்க பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியில எந்த குரூப்புலயும் உளவியல் கிடையாது. யாருக்கு லாபம்னு நீங்களே பார்த்துக்குங்க.

சரி, எழுத்துல வேணாம், நேர்ல கூப்பிட்டுக் குணத்தைப் பார்க்கலாம்னு சொல்றவங்க இருக்காங்க. அதையும் பார்த்த மாநிலம்தான் இது. ஒரு காலத்துல மெடிக்கல் சீட்டுக்கு நேர்முகத் தேர்வு இருந்துச்சு. அதுக்கு மட்டும் 75 மார்க். 1970ல பெரியகருப்பன் வழக்குன்னு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் நாறினது அது. மார்க் கம்மியான பையன் நேர்முகத்துல அள்ளிக்கிட்டுப் போவான். குணத்தைப் பார்க்கிறோம்னு சொல்லி யாரோட அப்பா யாருன்னு பார்த்தாங்க. அப்புறம் 1984ல நுழைவுத் தேர்வு வந்துச்சு, அதையும் இருபது வருஷம் கழிச்சு எடுத்தாங்க, பிளஸ் டூ மார்க்னு ஆச்சு, 2017ல நீட் வந்து உக்காந்துடுச்சு. எது வந்தாலும் எங்க தெருப் பிள்ளைங்கதான் முதல்ல புதுசா ஏதாவது படிக்க வேண்டியிருக்கு.

எங்க தெருவுல ஒரு பொண்ணு ரெண்டாவது தடவை நீட் எழுதியிருக்கு. அதோட அம்மா என் கழனியில நாத்து நடுறவங்க. தெருவுல எந்தக் கிழவிக்கு முடியலைன்னாலும் அந்தப் பொண்ணுதான் கூட்டிட்டுப் போகும். மாத்திரை அட்டைய வாங்கிப் பார்த்து, இது காலையில, இது சோத்துக்கு அப்புறம்னு பொட்டலம் பொட்டலமா கட்டி, சூரியன் நிலான்னு படம் போட்டுக் கொடுக்கும், படிக்கத் தெரியாதவங்களுக்கு. சர்க்கரை மாத்திரைய ஏன் ஆயா நிறுத்தினேன்னு அது கேக்கிற விதத்துலயே கிழவி உண்மையச் சொல்லிடும். ரேஷன் வாங்க லைன்ல நிக்கிறப்போ மயக்கம் வருது, அதனால நிறுத்திட்டேன்னு. இந்த பதில் எந்த டாக்டருக்கும் இதுவரைக்கும் கிடைச்சதில்ல.

பேத்தியோட அட்டையெல்லாம் இந்தப் பொண்ணு கையில ஏற்கனவே இருக்கு. அதைப் பரீட்சை வெச்சு வெளியில தள்ளாம இருந்தா போதும். 2020ல அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கொண்டு வந்தாங்களே, என் கணக்குல மருத்துவப் படிப்புல சமூகவியல் நுழைஞ்சது அன்னைக்குத்தான். அதுக்கு முன்னாடி விரல் விட்டு எண்ணுற அளவுக்குப் போனவங்க, அந்த வருஷமே முன்னூறு பேருக்கு மேல எம்பிபிஎஸ் போனாங்க. தரம் குறையுதுன்னு பேசுறவங்க கட்டுவிரியன் கதைய இன்னொரு தடவை படிக்கணும்.

உள்ள போன பிறகு சொல்லிக் கொடுக்கிறதுக்கு நான் எதிரி இல்ல. 2019ல பாடத்திட்டத்தை மாத்தி, நோயாளிகிட்ட எப்படிப் பேசணும், எது நெறி, எது முறைன்னு தனியாவே வெச்சிருக்காங்க. கிராமத்துல சில குடும்பங்களைத் தத்தெடுத்து, படிக்கிற காலம் பூரா போய்ப் பார்க்கணும்னும் ஒரு திட்டம் இருக்கு. எங்க ஊருக்கும் வந்தாங்க. பஸ்ஸுல இருந்து இறங்கினாங்க, வெள்ளைக் கோட்டு, பிரஷர் மெஷின், ஒரு ஃபாரம். வீட்டுல எத்தனை பேர், கக்கூஸ் இருக்கா, டிக். காலையில பத்தரை மணிக்கு வந்தா வீட்டுல யார் இருப்பா? கழனியில இருக்கோம். கிழவனும் நாயும்தான் ஃபாரத்துல ஏறினது. ஆனா ஒரு பொண்ணு, சேலம் பக்கமாம், கோட்டைக் கழட்டி வெச்சுட்டு வரப்புல நடந்து வந்து, நடவு ஆளுங்களோட உக்காந்து பழைய சோறு சாப்பிட்டுச்சு. முதுகு எந்த இடத்துல வலிக்குது, எத்தனை மணிக்கு மேல வலிக்குதுன்னு கேட்டுச்சு. அன்னைக்கு நாலு பேர் முதல் தடவையா கர்ப்பப்பை இறக்கத்தைப் பத்தி வாயைத் திறந்தாங்க.

பரீட்சை வெக்கணும்னா அங்க வெக்கலாம். கடைசி வருஷத்துல, நீ தத்தெடுத்த வீட்டம்மா எதுக்காக மாத்திரைய நிறுத்தினாங்கன்னு ஒரு கேள்வி. நாலு விடை கொடுக்கக் கூடாது. பதில் சரியான்னு அந்த வீட்டம்மாவையே கேக்கணும்.

அடுத்த மாசம் புது பேட்ச் வருதுன்னு நர்சம்மா சொன்னாங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வரச் சொல்லுங்க, மோட்டார் கொட்டாய்க்காரர் வீட்டையும் லிஸ்ட்ல சேருங்கன்னு சொல்லியிருக்கேன். ஆறு மணிக்கு மேலன்னா காலேஜ் பஸ் கிடையாதாம். என் டிராக்டர் இருக்கு, கூட்டிட்டுப் போய் விடுறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். மேல கேட்டுச் சொல்றேன்னாங்க.