தாளாளரின் மேசைக்கு எதிரே

ஏப்ரல் பிறந்துவிட்டால் தனியார் பள்ளிகளில் முதல்வர் பணிக்கான நேர்காணல்கள் தொடங்கிவிடும். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் ஆள் வந்தாக வேண்டும். அரசுப் பள்ளித் தலைமையாசிரியருக்கு இந்தக் கட்டமே கிடையாது. பணிமூப்புப் பட்டியல், கலந்தாய்வு, ஆணை என்று முடிந்துவிடும். தனியார் பள்ளியில்தான் தாளாளர், அறக்கட்டளையைச் சேர்ந்த ஓரிருவர், வெளியிலிருந்து அழைத்த கல்வியாளர் ஒருவர் எனச் சிலரின் எதிரே உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. பணி ஓய்வுக்குப் பிறகு அந்த வெளியாளாக நானும் போகிறேன். வகுப்பறையில் வெளுத்துக்கட்டும் ஆசிரியர்கள் அந்த அறைக்குள் வந்ததும் வேறு யாரோ போலப் பேசத் தொடங்குவதைப் பார்த்து மனம் வாடியிருக்கிறேன். அவர்களுக்காகவே இந்த வாரப் பத்தி.

பெரும்பாலானோர் மனப்பாடம் செய்துகொண்டு வருவது ஒரே உரையைத்தான். தொலைநோக்கு, ஆளுமை வளர்ச்சி, தேசியக் கல்விக் கொள்கை 2020, ஸ்மார்ட் கிளாஸ். நாலு பேர் பேசி முடித்தபின் யார் எதைச் சொன்னார் என்று எங்களுக்கே நினைவிருக்காது. நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி வேறு. "காலை எட்டே முக்கால். நாலு டீச்சர் லீவு சொல்லிட்டாங்க. என்ன பண்ணுவீங்க?"

ஒரு கணித ஆசிரியை உடனே திருப்பிக் கேட்டார்: "எந்தெந்த கிளாஸ், மேடம்?"

யூ.கே.ஜி.யும் ஒன்றாம் வகுப்பும் அதில் உண்டு என்றேன்.

"அப்போ முதல்ல அங்க ஆள் அனுப்பணும். சின்னப் பிள்ளைங்களை அஞ்சு நிமிஷம்கூடத் தனியா விடக் கூடாது. நேத்து சப்ஸ்டிடியூஷன் போனவங்க யாருன்னு ரிஜிஸ்டர்ல பார்த்து, இன்னைக்கு அவங்களை விட்டுடுவேன். மறுபடியும் அவங்க தலையிலேயே கட்டினா நாளைக்கு அவங்களும் லீவு போட்டுடுவாங்க. எட்டாவது கணக்கை நானே எடுத்துக்குவேன்."

அவருக்கு ஆங்கிலம் சரளமாக வரவில்லை, குரலும் லேசாக நடுங்கியது. ஆனால் ஒரு பள்ளியின் காலை நேரம் அவர் பேச்சில் அப்படியே இருந்தது. வேலை அவருக்கே கிடைத்தது. உங்கள் அனுபவத்திலிருந்து இப்படி நாலைந்து காலைகளை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். மேற்கோள்களும் கொள்கை வாசகங்களும் கைகொடுக்காத இடத்தில் அவை கைகொடுக்கும்.

நேர்காணலுக்கு முன் ஒரு நாள் அந்தப் பள்ளி வாசலுக்குப் போய்வாருங்கள். காலையில் பிள்ளைகள் உள்ளே போகும் நேரம், மாலையில் வெளியே வரும் நேரம், இரண்டையும் பாருங்கள். பேருந்திலிருந்து இறங்கும் குழந்தையைக் கைபிடித்து இறக்கிவிட உதவியாளர் இருக்கிறாரா? ஆட்டோக்கள் எங்கே நிற்கின்றன? தாமதமாக வந்த பிள்ளையிடம் வாட்ச்மேன் எப்படிப் பேசுகிறார்? 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இறந்தாள். பள்ளி வாகனங்களுக்கான சிறப்பு விதிகள் அதற்குப் பிறகே தமிழ்நாட்டில் வந்தன. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன், 2004 ஜூலை 16 அன்று, கும்பகோணத்தில் சமையற்கூடத்துத் தீ கீற்றுக்கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொன்றது. கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று ஆகியவை எந்தத் தேதி வரை செல்லும் என்று நேர்காணலில் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. அங்கீகாரம் புதுப்பிக்கும்போது அந்தக் கோப்பு உங்கள் மேசைக்குத்தான் வரும்.

சட்டம் கொஞ்சம் படித்தாக வேண்டும். கல்வி உரிமைச் சட்டம், 2009: பிள்ளையை அடிப்பதும் மனத்தளவில் துன்புறுத்துவதும் கூடாது, சேர்க்கைக்குப் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைக்கக் கூடாது, தொடக்க வகுப்பில் 25 சதவீத இடம் நலிந்த பிரிவினருக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்டவர்களுக்கும். அந்த 25 சதவீதத்தில் வந்த பிள்ளையை ஆசிரியர்கள் தனியாக அடையாளம் காட்டிப் பேசினால் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்பேன். 2009இல் வந்த தமிழ்நாட்டின் கட்டண ஒழுங்குமுறைச் சட்டத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். ஃபீஸ் கட்டாத பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்தச் சொல்லும் நெருக்கடி வந்தால், பேச அது உதவும்.

அடுத்து ரிசல்ட். எந்தத் தாளாளரும் கேட்காமல் விடமாட்டார்: "நூறு சதவீதம் காட்டுவீங்களா?" பதற்றத்தில் ஆம் என்று சொல்லிவிடாதீர்கள். அந்த நூறு பல இடங்களில் எப்படி வருகிறது என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை வெளியேற்றக் கல்வி உரிமைச் சட்டம் விடாது. ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பாதுகாப்பு முடிகிறது. அங்கேதான் பெற்றோரைக் கூப்பிட்டு, "இவனுக்கு இங்க சரிப்பட்டு வராது" என்று டி.சி.யைக் கையில் கொடுக்கிறார்கள். பத்து வருடம் அதே சீருடை போட்டு வளர்ந்த பிள்ளை. இதைக் கல்வி என்று என்னால் சொல்ல முடியவில்லை. நூறு சதவீதம் காட்ட எந்தப் பிள்ளையையும் அனுப்ப மாட்டேன், பின்தங்கியவர்களுக்கு ஜூன் முதலே மாலை வகுப்பு வைப்பேன், எந்த ஆசிரியர் எந்தப் பிள்ளைக்குப் பொறுப்பு என்று எழுதி வைப்பேன் என்று சொல்லுங்கள். சில தாளாளர்கள் முகம் சுளிப்பார்கள். சிலர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவதையும் பார்த்திருக்கிறேன்.

கடைசியில், "உங்களுக்கு ஏதாவது கேட்கணுமா?" என்பார்கள். பலரும் சம்பளத்தைக் கேட்டுவிட்டு எழுந்துவிடுகிறார்கள். சம்பளம் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். ஆசிரியரை நியமிப்பதில் உங்கள் சொல்லுக்கு என்ன இடம், முந்தைய முதல்வர் ஏன் போனார், தாளாளர் குடும்பத்தினர் ஆசிரியர்களுக்கு நேரடியாக உத்தரவு போடுவார்களா என்பதையும் கேளுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஓர் ஆசிரியர்மேல் பாலியல் புகார் வந்தால் இந்தப் பள்ளியில் என்ன நடக்கும் என்பது. போக்சோ சட்டம், 2012 இதில் தெளிவாக இருக்கிறது. தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். தன் பொறுப்பிலுள்ள ஊழியர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவர் தெரிவிக்காமல் விட்டால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. நிர்வாகத்தின் அனுமதிக்குக் காத்திருக்கச் சொல்லும் வரி அதில் எங்கும் இல்லை. "முதல்ல எங்ககிட்ட சொல்லுங்க, உள்ளேயே பேசி முடிச்சுக்கலாம்" என்று பதில் வந்தால், சம்பளம் எவ்வளவு சொன்னாலும் அந்த வேலையை ஏற்காதீர்கள். மே இறுதிவரை வேறு பள்ளிகளின் விளம்பரங்கள் வந்துகொண்டுதான் இருக்கும்.