ஐந்து கேள்விகளும் ஒரு கரண்டி பாணி மருந்தும்

என் தங்கச்சி வங்கி வேலையை விட்டுவிட்டு, இப்போது ரொறன்ரோவில் நேர்ஸிங் இரண்டாம் வருடம் படிக்கிறா. சோதனை நெருங்கினால் கேள்வி கேட்கும் வேலை எனக்கு. அவ எழுதி வைத்திருக்கும் சின்னச் சின்ன அட்டைகளைப் புரட்டிக் கேட்டுக் கேட்டே நானும் பாதி நேர்ஸ் ஆகிவிட்டேன் என்று மனைவி பகிடி பண்ணுகிறா. நான் மென்பொருள் எழுதுகிறவன், மருத்துவன் இல்லை. அதனால் இந்த மாதப் பத்தியை டொக்டர் சொன்னது மாதிரி எடுக்க வேண்டாம். ஆனால் அந்த அட்டைகளில் உள்ள சில விஷயங்கள் நம் வயதுக்காரருக்கு அவசியம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து, மறுபக்கம் அம்மாவுக்குப் பிரஷர் குளிசை என்று இரண்டு தலைமுறைக்கும் மருந்து எடுத்துக் கொடுப்பது நாங்கள்தானே.

நேர்ஸிங் மாணவிகளுக்கு முதல் மாதத்திலிருந்தே உருப்போட வைக்கும் பாடம் ஒன்று: மருந்து கொடுக்க முன் ஐந்து கேள்வி. சரியான ஆளா? சரியான மருந்தா? சரியான அளவா? சரியான வழியா? சரியான நேரமா? இதை ஒரு தடவை கேட்டால் போதாது. மருந்தை எடுக்கும்போது ஒரு தடவை, அளந்து தயாராக்கும்போது ஒரு தடவை, நோயாளியின் கட்டிலடியில் இன்னொரு தடவை என்று மூன்று தடவை பார்க்க வேண்டும். இன்சுலின் போன்ற ஆபத்தான மருந்துகளுக்குப் பல ஆஸ்பத்திரிகளில் இரண்டாவது நேர்ஸ் ஒருவர் தனியாகக் கணக்குப் பார்ப்பார்.

இப்போது நம் வீட்டை யோசித்துப் பாருங்கள். விடிய இரண்டு மணி. பிள்ளை அனுங்குகிறது. போன் வெளிச்சத்தில் போத்தலைப் பார்க்கிறோம். எழுதிக் கொடுத்த டொக்டர் இல்லை, சரிபார்த்த மருந்தாளர் இல்லை, இரண்டாவது நேர்ஸும் இல்லை. எல்லா ஆளும் நாங்களே. அதனால் அந்த ஐந்து கேள்வியும் ஆஸ்பத்திரியை விட வீட்டுக்குத்தான் கூடத் தேவை.

சரியான ஆள்

ஆஸ்பத்திரியில் பெயரும் பிறந்த திகதியும் கேட்ட பிறகுதான் மருந்து. அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. "நீங்கள் மிஸ்டர் கந்தையாவா?" என்று கேட்கக் கூடாது, "உங்கள் பெயர் என்ன?" என்றுதான் கேட்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். காது கேளாதவரும் மொழி தெரியாதவரும் முதல் கேள்விக்குத் தலையாட்டி விடுவார்கள். நம் அப்பப்பாமாரைத் தெரியும்தானே, வெள்ளைக் கோட்டுப் போட்டவர் எதைக் கேட்டாலும் "யேஸ், யேஸ்". போதாததற்கு நம் பெயர்கள் ஒரு பத்திரத்தில் தகப்பன் பெயர் முன்னுக்கும், இன்னொன்றில் பின்னுக்குமாக இருக்கும். உங்கள் அப்பா அம்மாவுக்கு இதைப் பழக்கி விடுங்கள்: கையில் கட்டிய பட்டியில் உள்ளபடியே பெயரையும் பிறந்த திகதியையும் தாங்களே வாய் திறந்து சொல்ல வேண்டும். விளங்காததற்கு ஓம் சொல்லக் கூடாது.

வீட்டில் இதே கேள்விக்கு வேறு உருவம். மூத்தவனுக்குத் தந்த அன்டிபயோடிக்கில் மிச்சம் இருக்கிறது, இளையவளுக்கும் அதே இருமல்தானே என்று கொடுப்பது. அந்த அளவு மூத்தவனின் நிறைக்கும் அவனுடைய நோய்க்கும் எழுதியது. போத்தலில் யாருடைய பெயர் இருக்கிறதோ, மருந்து அவருக்கு மட்டும்தான்.

சரியான மருந்து

மருந்துக்கு இரண்டு பெயர். பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பனி வைத்த பெயர். சின்ன எழுத்தில் இருப்பதுதான் உண்மையான மருந்தின் பெயர். மாணவிகள் அந்தச் சின்ன எழுத்தைத்தான் படிக்கிறார்கள்.

இலங்கையிலிருந்து வந்த பனடோல், இந்தியாவிலிருந்து வந்த டோலோ 650, இங்கே வாங்கிய ரைலனோல் மூன்றும் ஒரே சாமான். உலகத்தின் பெரும்பகுதி அதை பராசிற்றமோல் என்கிறது. வட அமெரிக்கா அசிற்றமினோஃபென் என்கிறது. பெயர் தெரியாத அம்மா காலையில் பனடோல் இரண்டு போட்டு, மத்தியானம் மகள் தந்த ரைலனோல் இரண்டு போட்டு, இரவு தடிமனுக்குச் சுடுதண்ணீரில் கரைக்கும் தூளும் குடித்தால், மூன்று விதமான மருந்து எடுத்ததாக நினைப்பா. பல தடிமன் மருந்துகளுக்குள்ளும் இதே பராசிற்றமோல் இருக்கிறது. வளர்ந்தவருக்கு 24 மணி நேரத்தில் 4,000 மில்லிகிராம்தான் பொதுவான மேல் எல்லை. ஈரல் பழுதானவருக்கும் நிறை குறைந்த வயோதிபருக்கும் அதைவிடக் குறைவு. கூடிப்போனால் ஈரல் பழுதாகும். முதல் நாள் ஆளைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது என்பதுதான் இதில் பயங்கரம். மாற்று மருந்து இருக்கிறது. ஆனால் அது நேரத்தோடு போய்ச் சேர வேண்டும். ஆகவே சந்தேகம் வந்தாலே போக வேண்டும். வருத்தம் தெரியும்வரை காத்திருக்கக் கூடாது.

சரியான அளவு

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஏனென்றால் இது முழுக்க அலகுக் கணக்கு. 1983 ஜூலையில் எயர் கனடா விமானம் ஒன்று நடு வானில் எண்ணெய் தீர்ந்து, மனிற்றோபாவில் கிம்லி என்ற இடத்தில் இருந்த பழைய விமானத்தளத்தில் மிதந்து வந்து இறங்கியது. 22,300 கிலோ எண்ணெய் வேண்டிய இடத்தில் 22,300 இறாத்தல்தான் இருந்தது. எண் சரி, அலகு பிழை. நல்ல காலம், ஒரு உயிரும் போகவில்லை.

குழந்தை மருந்திலும் இதே கதைதான். காய்ச்சலுக்குக் கொடுக்கும் பராசிற்றமோல் பிள்ளையின் நிறைக்குத்தான்: ஒரு கிலோவுக்கு ஒரு தடவை 10 முதல் 15 மில்லிகிராம். பத்துக் கிலோப் பிள்ளைக்கு 120 மில்லிகிராம் என்று வையுங்கள். அது எத்தனை மில்லி? போத்தலைப் பொறுத்தது. கனடாவில் கைக்குழந்தைக்கான சொட்டு மருந்து ஒரு மில்லியில் 80 மில்லிகிராம், ஆக 1.5 மில்லி. அதே கடையில் பக்கத்துப் பெட்டியில் இருக்கும் சிறுவர் பாணி மருந்து 5 மில்லியில் 160, ஆக 3.75 மில்லி. பிரித்தானியாவில் சின்னப் பிள்ளைகளுக்கான கல்போல் 5 மில்லியில் 120. ஆக 5 மில்லி. இந்தியாவில் கிடைக்கும் சொட்டு மருந்து சில ஒரு மில்லியில் 100, ஆக 1.2 மில்லி.

இப்போது லண்டனிலிருந்து வந்த சித்தி "ஒரு கரண்டி குடு பிள்ளை, நாங்கள் அப்பிடித்தான் குடுக்கிறனாங்கள்" என்று சொல்லுவா. அவவின் போத்தலுக்கு அது சரி. கனடாச் சொட்டு மருந்தில் 5 மில்லி கொடுத்தால் 400 மில்லிகிராம், மூன்று மடங்குக்கும் மேல். ஆகவே "எத்தனை கரண்டி?" என்று கேட்காதீர்கள். எத்தனை மில்லிகிராம், போத்தலில் ஒரு மில்லிக்கு எத்தனை என்று கேளுங்கள். பெட்டியோடு வரும் ஊசியில்லாத சிரிஞ்சால் அளவுங்கள். குசினிக் கரண்டிகள் ஒன்றைப்போல ஒன்று இருப்பதில்லை.

இன்சுலின் இன்னும் கவனம். இங்கே வழக்கமான இன்சுலினில் ஒரு மில்லிக்கு 100 யூனிற். இந்தியாவில் குப்பியில் வரும் இன்சுலின் பல இன்னமும் ஒரு மில்லிக்கு 40 யூனிற். அதற்கென்று தனிச் சிரிஞ்ச். மாமியார் திருச்சியிலிருந்து பழைய சிரிஞ்சுகளோடு வந்து, இங்கே வாங்கிய இன்சுலினை அதில் 20 கோடுவரை இழுத்தால், உள்ளே போவது 50 யூனிற். ஆள் மயங்கிப்போக அது போதும். மறுவளமாக அங்கத்தைய இன்சுலினை இங்கத்தைய சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் வெறும் 8 யூனிற்தான். குப்பியும் சிரிஞ்சும் ஒரே ஊர்ச் சோடியாக இருக்கட்டும். பேனை ஊசிக்கு மாறலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன எழுத்துப் பாடம். நேர்ஸ்மார் அரை என்பதை 0.5 என்றுதான் எழுதுவார்கள், வெறும்.5 என்று எழுதினால் புள்ளி மறைந்து ஐந்தாகும். ஐந்து என்பதை 5.0 என்று எழுதவே கூடாது. அது 50 ஆகிவிடும். பிள்ளை பார்க்க வரும் அம்மம்மாவுக்குத் துண்டு எழுதி வைக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

சரியான வழி

குளிசை விழுங்கக் கஷ்டம் என்றால் நம் ஆட்கள் உடனே இடித்துத் தேனில் குழைப்பார்கள். சில குளிசைகள் நாள் முழுக்க மெல்ல மெல்லக் கரையும்படி செய்தவை. பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., எம்.ஆர். என்று இருக்கும். அவற்றை இடித்தால் ஒரு நாள் மருந்து ஒரே நேரத்தில் இரத்தத்தில் இறங்கும். இடிக்க முன் மருந்துக்கடையில் ஒரு கேள்வி கேளுங்கள். பாணியாக அதே மருந்து இருக்கலாம். தேன் என்றதும் இன்னொன்று: ஒரு வயதுக்குள் குழந்தைக்குத் தேன் வேண்டாம், மருந்தோடும் வேண்டாம், பிறந்ததும் நாக்கில் தொட்டு வைக்கும் சேனையாகவும் வேண்டாம். அதிலிருந்து வரக்கூடிய ஒருவகை நச்சுக் கிருமியைக் குழந்தையின் குடல் தாங்காது.

சரியான நேரம்

இன்சுலின் போட முன் நேர்ஸ் பார்ப்பது சாப்பாட்டுத் தட்டு வந்துவிட்டதா என்று. கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதம் பிடிக்கும் அம்மாவை இங்கே யோசியுங்கள். சாப்பாடு இல்லை, ஆனால் இன்சுலினோ கிளிக்கிளசைட் போன்ற சீனிக் குளிசையோ வழக்கம்போல. சீனி சரசரவென்று இறங்கும். மெற்ஃபோமின் தனியே எடுப்பவருக்கு இந்தப் பயம் குறைவு. "விரதம் பிடிக்க வேண்டாம்" என்று சொல்லி அம்மாவோடு வெல்ல ஏலாது. ஆனால் விரதத்துக்கு இரண்டு கிழமை முன் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போய் மருந்தை மாற்றி அமைக்கலாம்.

சீனி குறைந்தால் நடுக்கம், வியர்வை, பசி, தடுமாற்றமான கதை. கனடா, பிரித்தானிய மீற்றரில் 4-க்குக் கீழ் என்றால் குறைவு. இந்தியா, இலங்கை, அமெரிக்கக் கணக்கில் அது 70 அளவு. இங்கத்தைய எண்ணை 18 ஆல் பெருக்கினால் அங்கத்தைய எண் வரும். அப்போது மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்தோ, அரைக் கோப்பைக்குச் சற்றுக் கூடப் பழச்சாறோ கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்ப அளந்து பாருங்கள். இன்னும் குறைவென்றால் திரும்பக் கொடுங்கள். ஆள் மயங்கிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்ற வேண்டாம். அது நுரையீரலுக்குப் போகும். உடனே அம்புலன்ஸ்.

காய்ச்சலுக்கும் ஒரு நேரக் கணக்கு உண்டு. மூன்று மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு 38 பாகைக் காய்ச்சல் என்றால் மருந்து கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்கக் கூடாது. உடனே காட்ட வேண்டும்.

கொடுத்த பிறகு

மருந்து கொடுத்ததோடு நேர்ஸின் வேலை முடிவதில்லை. எழுதி வைக்க வேண்டும், பிறகு திரும்பி வந்து ஆளைப் பார்க்க வேண்டும். வீட்டிலும் குளிரூட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள். எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு, யார் கொடுத்தது. அப்பா ஏழு மணிக்குக் கொடுத்ததை அம்மா எட்டு மணிக்குத் திரும்பக் கொடுக்காமல் இருக்க அந்த ஒரு தாள் போதும். பெற்றோருக்கு இன்னொரு தாள்: எல்லாக் குளிசையின் சின்ன எழுத்துப் பெயரும், எதற்கு என்பதும், ஊரிலிருந்து வந்த ஆயுர்வேத, சித்த மருந்துகளும் சேர்த்து. "வெள்ளைக் குளிசை, காலையில ஒண்டு" என்றால் அவசரப் பிரிவில் யாருக்கும் உதவாது.

டொக்டரிடம் மொழிபெயர்க்கப் பன்னிரண்டு வயது மகளைக் கூட்டிப் போகாதீர்கள். மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், பெரிய ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் கிடைப்பார். திரும்பி வந்ததும் அம்மாவிடம் "விளங்கினதா?" என்று கேட்டால் "ஓம்" என்றுதான் வரும். "எப்பிடி எடுக்கப் போறீங்கள் எண்டு எனக்குச் சொல்லுங்கோ பாப்பம்" என்று கேளுங்கள். நேர்ஸ்மாருக்கும் இப்படித்தான் கேட்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

மருந்து மாறிப்போனது, கூடிப்போனது என்று சந்தேகம் வந்தால் அழைக்க வேண்டிய எண்கள், இன்றே போனில் போட்டு வையுங்கள். கனடா (கியூபெக் தவிர) 1-844-764-7669. அமெரிக்கா 1-800-222-1222. பிரித்தானியா 111. அவுஸ்திரேலியா 13 11 26. கையில் போத்தலை வைத்துக்கொண்டு அழையுங்கள். அவர்கள் முதலில் கேட்பது அந்தச் சின்ன எழுத்தைத்தான்.