கரையிறங்க ஒரு வரம்பு வேண்டும்

அண்டார்க்டிகாவில் பயணக் கப்பல் நங்கூரமிட்டதும் எல்லோரும் விருப்பம்போல் இறங்கிவிட முடியாது. ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் கரையில் இருக்கக் கூடாது. 20 பேருக்கு ஒரு வழிகாட்டியாவது உடன் வர வேண்டும். 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிவரும் கப்பலிலிருந்து ஒருவர்கூட இறங்க முடியாது. தளத்தில் நின்று பார்த்துத் திரும்ப வேண்டியதுதான். படகில் ஏறும் முன் காலணியைக் கழுவிக் கிருமிநாசினியில் தோய்க்கிறார்கள். பைகளிலும் உடைகளிலும் ஏதேனும் விதை ஒட்டியிருக்கிறதா என்று தேடுகிறார்கள். பென்குயினிடமிருந்து 5 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். அது குறுக்கே வந்தால் மனிதர்தான் வழிவிட வேண்டும்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்பவர்கள் பறவைக் காய்ச்சலை நினைத்துப் பார்க்கட்டும். 2023 அக்டோபரில் தெற்கு ஜார்ஜியா தீவுகளில் தென்பட்ட அந்த நோய், 2024 பிப்ரவரியில் அண்டார்க்டிக் பெருநிலத்தையே தொட்டுவிட்டது. கொண்டுவந்தவை இடம்பெயரும் பறவைகள் என்பது உண்மை. ஆனால் ஒரு பறவைக் கூட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு அதை நம் காலணியில் சுமந்து செல்லும் ஆபத்து கற்பனையல்ல. கரையில் உட்காராதே, மண்டியிடாதே, பையைத் தரையில் வைக்காதே என்று பயணிகளுக்குச் சொல்லப்படுவது இதனால்தான்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. இந்த விதிகளைப் பெரும்பாலும் காப்பது, 1991இல் கப்பல் நிறுவனங்கள் தாமே அமைத்துக்கொண்ட சங்கம்தான். 500, 100, 20 என்ற வரம்புகளை அண்டார்க்டிக் உடன்படிக்கை நாடுகள் 2009இல் பால்டிமோரில் ஏற்றுக்கொண்டன. ஆனால் தேவையான ஒப்புதல்கள் முழுமையடையாததால் அவை இன்னும் கட்டாய விதியாகவில்லை. அதற்குள் 2023-24 பருவத்தில் அங்கே போனவர்கள் 1,20,000 பேரைத் தாண்டிவிட்டார்கள். சில இடங்களில் ஒரு நாளைக்கு இத்தனை கப்பல் என்ற கட்டுப்பாடு உண்டு. ஒரு பருவத்துக்கு மொத்தம் இத்தனை பேர் என்ற உச்சவரம்பு எங்குமே இல்லை. 100 பேர் ஏறியதும் அடுத்த 100 பேர் இறங்கினால், குஞ்சு பொரிக்கும் பறவைக்கு ஓய்வு ஏது?

வட துருவப் பக்கம் நார்வே துணிந்து சட்டமே போட்டுவிட்டது. அதன் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் 2018இல், பயணிகள் இறங்குவதற்கு முன் கரையைப் பார்வையிடப் போன காவலரைப் பனிக்கரடி தாக்கியது. கரடி சுட்டுக் கொல்லப்பட்டது. தன் வாழிடத்தில் நின்றதைத் தவிர அது செய்த குற்றம் எதுவுமில்லை. 2025 முதல் அங்குள்ள பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் நுழைய முடியாது. இறங்கவும் குறிப்பிட்ட இடங்களில் மட்டுமே அனுமதி. கரடியிடமிருந்து குறைந்தது 300 மீட்டர் விலகியிருக்க வேண்டும்.

இந்தியா இதில் வெறும் பார்வையாளர் அல்ல. 1983 முதல் அண்டார்க்டிக் உடன்படிக்கையில் வாக்குரிமை உள்ள நாடு. 2022இல் தனக்கென அண்டார்க்டிக் சட்டமும் இயற்றியிருக்கிறது. 2024 மே மாதம் கொச்சியில் நடந்த 46ஆவது கூட்டத்தில், சுற்றுலாவை நெறிப்படுத்தும் பொது வரைவுக்கான பேச்சுக்கு இடமளித்ததும் நம் நாடே. அந்த வரைவில் பருவ உச்சவரம்பு இடம்பெற வேண்டும் என்று டெல்லி உறுதியாக வாதாட வேண்டும். நேரில் பார்த்தவர்களே துருவத்தின் காவலர்களாக மாறுவார்கள் என்கின்றன நிறுவனங்கள். சிலர் மாறலாம். அதற்காக எண்ணிக்கையைத் திறந்துவிட முடியாது.

தியாகதுருகத்திலிருந்து இதை எழுதக் காரணம் இருக்கிறது. விடுமுறை நாளில் கள்ளக்குறிச்சி வழியாகக் கல்வராயன் மலை ஏறும் வண்டிகளைப் பாருங்கள். பெரியார் அருவியிலும் மேகம் அருவியிலும் எவ்வளவு பேர் இறங்கலாம் என்று ஒரு கணக்கு உண்டா? குரங்குக்குத் தின்பண்டம் நீட்டாதே என்று தடுக்க ஆள் உண்டா? பாட்டிலும் நெகிழித் தாளும் ஓடையில்தான் போய்ச் சேருகின்றன. உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024இல் இ-பாஸ் வந்தது. மறு ஆண்டு வாகன உச்சவரம்பும் வந்தது. நெரிசல் முற்றி, வழக்கு வரும்வரை கல்வராயனும் காத்திருக்க வேண்டியதில்லை.

சுற்றுலாவால் மலைக்கு வருமானம் வருகிறது என்ற வாதம் நியாயமானது. அதனால்தான் வழிகாட்டிப் பணியை மலையாளிப் பழங்குடி இளைஞர்களுக்கே தர வேண்டும் என்கிறோம். கட்டணத்தில் ஒரு பங்கு அவர்களின் ஊராட்சிகளுக்குப் போக வேண்டும். மலைவாழ் மக்களின் போக்குவரத்துக்கு எந்தத் தடையும் கூடாது. வரம்பு வெளியிலிருந்து வருவோருக்கு மட்டுமே.

வனத்துறையும் மாவட்ட நிர்வாகமும் அருவிகளுக்கான நாள் வரம்பை அடுத்த கோடை விடுமுறைக்கு முன்பே அறிவிக்க வேண்டும்.